வீட்டிலுள்ள கருவிகளைக் கொண்டு காய்கறிக் கத்தி செய்ய எந்த இரும்பை எடுப்பது? சூடேற்றித் தோய்ப்பது அவசியமா?

மாடிவீட்டுத்தச்சன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்து வருகிறேன். சமையலறையில் தினமும் புழங்கக்கூடிய காய்கறிக் கத்தி ஒன்றை என் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது ஆசை. அலகு ஆறு அங்குல நீளமும் ஒன்றரை அங்குல அகலமும் இருந்தால் போதும், மரப்பிடி போட்டுவிடலாம், அலங்காரம் எதுவும் வேண்டாம்.

என்னிடம் ஒரு கை டிரில், ஹேக்சா, இரண்டு தட்டை அரங்கள், ஓர் எலிவால் அரம், நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர், மேசையில் பொருத்திய சிறிய வைஸ், சி-கிளாம்புகள், பல நம்பர்களில் உப்புத்தாள் ஆகியவை இருக்கின்றன. உலையோ பட்டறைக்கல்லோ இல்லை. கோவையில் வாடகை வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். மொட்டை மாடியில் சிறிய கரியடுப்பு மூட்டலாம். அதற்கு மேல் போனால் வீட்டு உரிமையாளர் சும்மா இருக்க மாட்டார்.

ஹார்டுவேர் கடையில் 3 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை இரும்பு ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். கிரில் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் அதே பட்டைதான். இதை வெட்டித் தேய்த்தாலே கத்தியாகிவிடுமா? ஆகாதென்றால் வேறு எதை, எங்கே தேடுவது? இணையத்தில் காணும் காணொளிகளில் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். அடித்து உருவாக்காமல், வெட்டியும் தேய்த்தும் மட்டுமே நல்ல கத்தி செய்ய முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

டூல்ரூம்பழையவர்

வணக்கம் தம்பி. நீங்கள் வாங்கிய பட்டை இரும்பைக் கிரில் வேலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். கத்திக்கு அது உதவாது. கடைகளில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டை என்று கிடைப்பதில் கரி, அதாவது கார்பன், மிகக் குறைவு, பெரும்பாலும் 0.25 விழுக்காட்டுக்கும் கீழேதான் இருக்கும். அவ்வளவு குறைந்த கரியுள்ள இரும்பை எத்தனை முறை பழுக்கக் காய்ச்சி எதில் தோய்த்தாலும் கத்திக்குத் தேவையான கடினம் ஏறாது. தேய்த்து முடித்த அன்றைக்குத் தக்காளியை அழகாக வெட்டும். இரண்டு நாள் வெங்காயம் நறுக்கியதும் முனை மடங்கிவிடும். கட்டுக்கம்பிக்கும் கட்டடங்களில் போடும் முறுக்குக் கம்பிக்கும் இதே கதைதான்.

அடித்து உருவாக்காமல் கத்தி செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். தாராளமாக முடியும். சம்மட்டியால் அடிப்பது இரும்பை வடிவத்துக்குக் கொண்டுவரும் வழிகளில் ஒன்று, அவ்வளவே. வேண்டிய கனத்திலும் அகலத்திலும் ஏற்கெனவே ஒரு தகடு கிடைத்துவிட்டால், வேண்டாததைத் தேய்த்து நீக்கினால் போதுமானது. அலகின் தரத்தைத் தீர்மானிப்பவை எஃகின் வகையும் அதற்குக் கொடுக்கும் சூடும்தான்.

உங்கள் ஊரிலேயே இருந்துகொண்டு நீங்கள் இரும்புக்கு அலைய வேண்டியதில்லை. லேத் பட்டறைகளில் இரும்புக் கட்டைகளை அறுக்கும் பவர் ஹேக்சா எந்திரத்தின் பிளேடு பல் மழுங்கியதும் கழித்துப் போடப்படும். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனத்தில், ஒன்றரை அங்குல அகலத்தில் கிடைக்கும் அந்தப் பிளேடு காய்கறிக் கத்திக்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கும். பட்டறையில் கேட்டாலே கொடுப்பார்கள். இல்லையென்றால் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் எடைக்கு வாங்கலாம். முழுப் பிளேடும் ஹை ஸ்பீடு ஸ்டீலாக இருந்தால், அது கடினமேற்றிய நிலையிலேயே உங்கள் கைக்கு வருகிறது. நீங்கள் சூடேற்றவோ தோய்க்கவோ தேவையில்லை. டங்ஸ்டனும் மாலிப்டினமும் கலந்த எஃகாதலால், கிரைண்டரில் தேய்க்கும்போது விளிம்பு சற்று நீலம் பாய்ந்தாலும் கடினம் குறையாது. ஏறத்தாழ 550 பாகை செல்சியஸ் வரை அது தாங்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது.

ஆனால் வாங்கும் இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது வரும் பிளேடுகள் பலவும் இரட்டை உலோகத்தாலானவை. பல்வரிசை மட்டும் ஹை ஸ்பீடு ஸ்டீல், மீதி உடம்பு வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங் எஃகு. பல்லைத் தேய்த்து நீக்கிவிட்டு அந்த உடம்பில் கத்தி செய்தால், பிளேடின் சிறந்த பகுதியைக் குப்பையில் போட்டதாகிவிடும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பிளேடின் முதுகுப் பக்க மூலையைக் கிரைண்டரில் ஒரு நொடி தொட்டு, பறக்கும் பொறியைப் பாருங்கள். ஹை ஸ்பீடு ஸ்டீலின் பொறி மங்கிய செந்நிறத்தில், குட்டையாக, அதிகம் வெடிக்காமல் விழும். ஸ்பிரிங் எஃகின் பொறியோ வெளிர்மஞ்சளாகப் பாய்ந்து நுனியில் கிளை கிளையாகச் சிதறும். முதுகுப் பக்கத்திலேயே மங்கிய பொறி வந்தால் முழுப் பிளேடும் நல்ல சரக்கு என்று நம்பி எடுக்கலாம்.

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்டையில் கத்தியின் வடிவத்தை வெட்டிப் பிளேடின்மேல் வைத்து மார்க்கரால் வரையுங்கள். இந்த எஃகை உங்கள் ஹேக்சாவோ அரமோ கடிக்காது. 1 மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க்கால்தான் வெட்ட வேண்டும். பிறகு 60, 80, 120 என்ற வரிசையில் ஃபிளாப் டிஸ்க் போட்டு இரு பக்கச் சரிவுகளையும் தேய்த்துக்கொண்டு வாருங்கள். பிளேடை ஒரு மரக்கட்டையின்மேல் படுக்க வைத்துக் கிளாம்பால் இறுக்கிவிட்டுத் தேய்த்தால் கை நடுங்காது. பிடிக்கான துளைகள்தான் இதில் தொல்லை. சாதாரண டிரில் பிட்டும் அதே வகை எஃகு என்பதால் துளையிடாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். கார்பைடு முனையுள்ள பிட்டை வாங்கி, வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, சீராக அழுத்துங்கள்.

கிரைண்டரின் காவல்தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து நீங்கள் அதைப் பின்பற்றாதீர்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். டிரில் பயன்படுத்தும்போது துணிக் கையுறை கூடவே கூடாது. சுற்றும் பிட் அதைப் பற்றி இழுத்தால் விரலும் சேர்ந்து போகும்.

உலைக்கூடம்

மேலே ஐயா சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் வீட்டுச் சமையலறைக்கு ஹேக்சா பிளேடு கத்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாங்கள் தலைமுறையாக அரிவாளும் கத்தியும் அடிப்பவர்கள். சாணை பிடிக்க எங்களிடம் வரும் ஹேக்சா பிளேடு கத்திகளில் நான் காணும் குறைகள் இரண்டு. முதலாவது, அது மிக விறைப்பானது. சிமெண்டுத் தரையில் தவறி விழுந்தாலோ, பூசணிக்காய்க்குள் சிக்கியதைப் பக்கவாட்டில் நெம்பி எடுத்தாலோ, இரண்டாக உடைந்து போகும். இரண்டாவது, வீட்டில் இருக்கும் சாதாரணச் சாணைக்கல்லில் அது எளிதில் கூர் ஏறாது. கூர் நீண்ட நாள் நிற்கும் என்பது உண்மைதான். போன கூரை வீட்டுப் பெண்கள் அம்மிக்கல்லில் தீட்டித் திரும்பக் கொண்டுவர முடியாதென்றால் அந்தக் கத்தி சமையலறைக்குப் பொருந்தாது.

லாரி ஸ்பிரிங் பட்டை அருமையான எஃகுதான். திருப்பாச்சேத்தி அரிவாள் அடிப்பதும் அந்தப் பட்டையில்தான். அதில் கரி ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். வெட்டு வாங்கும், உடையாது. ஆனால் அதன் கனத்தை 2 மில்லிமீட்டருக்குக் கிரைண்டரில் தேய்த்துக் கொண்டுவருவது வீண் வேலை. அது அடித்து நீட்டுவதற்கான சரக்கு. உங்கள் மாடிக்கு ஒத்துவராது.

உங்களுக்கு ஏற்றது பழைய அரம். நல்ல நிறுவனம் செய்த, மழுங்கிப்போன, பத்து அல்லது பன்னிரண்டு அங்குலத் தட்டை அரமாகப் பாருங்கள். ஒரு விழுக்காட்டுக்கும் மேல் கரியுள்ள எஃகு அது. இருக்கும் நிலையில் கண்ணாடி மாதிரி உடையும். எனவே முதலில் அதை இளக்க வேண்டும். கரியடுப்பில் சீராகப் பழுக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலோ சுண்ணாம்புத் தூளோ நிரம்பிய வாளிக்குள் ஆழப் புதைத்துவிட்டு மறுநாள் காலையில் எடுங்கள். மெல்ல ஆறிய அரம் உங்கள் மற்றோர் அரத்துக்கே கட்டுப்படும் அளவுக்கு மென்மையாகியிருக்கும். அதன்பின் ஹேக்சாவால் அறுக்கலாம், சாதாரண பிட்டால் துளை போடலாம், அரத்தாலேயே சரிவு இறக்கலாம். மின்கருவி எதுவும் இல்லாமல் முழுக் கத்தியையும் செய்து முடிக்கலாம் என்பது இதன் சிறப்பு. கீழ்வீட்டாருக்கும் சத்தம் கேட்காது.

இரண்டு இடங்களில் பொறுமை வேண்டும். அரத்தின் பற்கள் விட்டுச் சென்ற கோடுகளை ஒன்றுவிடாமல் தேய்த்து நீக்குங்கள். ஒரு கோடு மிஞ்சினாலும் தோய்ச்சலின்போது, அதாவது பழுக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் இறக்கிக் கடினமேற்றும்போது, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பிடிக்குள் போகும் காம்பு அலகோடு சேருமிடத்தில் செங்கோணமாக வெட்டாமல், எலிவால் அரத்தால் வளைவாக இறக்குங்கள். கத்திகள் காம்பில் முறிவதற்குப் பெரும்பாலும் அந்தக் கூர்மூலைதான் காரணம்.

வடிவம் முடிந்ததும் தோய்ச்சல். வெட்டுமுனையை இந்தக் கட்டத்தில் கூராக்கிவிடக் கூடாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் மிச்சம் வைக்க வேண்டும். இல்லையென்றால் மெல்லிய முனை முந்திக்கொண்டு காய்ந்து, தோய்க்கும்போது நெளிந்துவிடும். மாலை மங்கிய வெளிச்சத்தில் கரியடுப்பை மூட்டி, அலகு முழுவதும் ஒரே கோவைப்பழச் சிவப்பாக வரும்வரை காய்ச்சுங்கள். வெயிலில் நிறம் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சரியான நிறம் வந்ததும் எடுத்துத் தாமதிக்காமல் எண்ணெயில் நேராக இறக்கி, முன்னும் பின்னுமாக மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் வளையும். நாங்கள் கழித்த இன்ஜின் ஆயிலைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஆறிய அலகின்மேல் வேறோர் அரத்தை ஓட்டிப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கினால் கடினம் ஏறியிருக்கிறது. அந்த நிலையில் கீழே போட்டால் ஓடு உடைவதுபோல் உடையும், அதனால் உடனே கடினத்தைச் சற்று இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை உப்புத்தாளால் பளபளப்பாக்கிவிட்டு, பழுக்கக் காய்ச்சிய கனமான இரும்புத் துண்டொன்றின்மேல் கத்தியின் முதுகை வைத்துக் கண்ணெடுக்காமல் கவனியுங்கள். முதுகிலிருந்து நிறம் மெல்ல நகர்ந்து வரும். முதலில் வெளிர்வைக்கோல் நிறம், அதன் பின்னே பழுப்பு, அதன் பின்னே ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் வெட்டுமுனையைத் தொட்ட நொடியில் எடுத்துத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். முதுகு நீலமாகவும் முனை வைக்கோலாகவும் நின்றால், முதுகு வளைந்து கொடுக்கும், முனை வெட்டும்.

மாடிவீட்டுத்தச்சன்

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய அரத்திலேயே தொடங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கையில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது தெருவோரக் கடையில் மலிவாக வாங்கியது. அது நல்ல எஃகுதானா என்று எப்படி அறிவது? கழித்த இன்ஜின் ஆயிலை மொட்டை மாடியில் புகையவிடவும் தயக்கமாக இருக்கிறது. வேறு எண்ணெய் ஆகாதா? நிறம் ஓடுவதைக் கண்ணால் பார்த்து, சரியான நொடியில் எடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டில் கேக் செய்யும் ஓ.டி.ஜி. அடுப்பு ஒன்று உண்டு. அதை இதற்குப் பயன்படுத்த முடியுமா?

எஃகியல்

உலோகவியல் படித்து வெப்பப் பதனிடும் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்கிறேன்.

மலிவான அரங்களில் சில, மேல்தோலில் மட்டும் கரியேற்றிக் கடினமாக்கப்பட்டவை. உள்ளே மென்மையான இரும்புதான் இருக்கும். பற்களைத் தேய்த்து நீக்கும்போது அந்தத் தோலும் போய்விடும், மிஞ்சுவது நீங்கள் முதலில் வாங்கிய பட்டை இரும்பைப் போன்ற ஒன்று. சோதிப்பது எளிது. அரத்தின் நுனியில் அரை அங்குலத்தை வைஸில் பிடித்து, தடித்த துணியால் முழுவதுமாகச் சுற்றி, கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் ஓங்கித் தட்டுங்கள். ஒரே தட்டில் சுருக்கென்று ஒடிந்து, ஒடிந்த முகம் முழுவதும் ஒரே மாதிரி மெல்லிய சாம்பல்நிறக் குருணையாகத் தெரிந்தால் அது உள்ளும் புறமும் எஃகு. வளைந்து பிறகு கிழிந்தாலோ, ஓரத்தில் மெல்லிய வளையமும் நடுவில் வேறு நிறமுமாகத் தெரிந்தாலோ, அதை ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் உலைக்கூடம் அண்ணனிடமிருந்து மாறுபடுகிறேன். கழித்த இன்ஜின் ஆயிலில் எரிபொருள் மிச்சமும் தேய்ந்த உலோகத் துகள்களும் கலந்திருக்கும். அந்தப் புகை மூச்சுக்குக் கெடுதல், செய்வதோ உணவு வெட்டும் கத்தி. கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ இந்தக் கனத்துக்குப் போதும். மூன்று லிட்டருக்குக் குறையாமல், அலகு நிமிர்ந்தபடி முழுவதும் முங்கும் ஆழமுள்ள இரும்புப் பாத்திரத்தில் ஊற்றி, 50 முதல் 60 பாகை வரை இளஞ்சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த எண்ணெயைவிட வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடி அலகை வேகமாகக் குளிர்விக்கும். பிளாஸ்டிக் பாத்திரம் கூடாது. பாத்திரத்துக்குப் பொருத்தமான தட்டு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் தட்டால் மூடினாலே அணைந்துவிடும், தண்ணீர் ஊற்றினால் நெருப்பு முகத்தில் பாயும். இந்த எஃகு தண்ணீரிலும் கடினமேறும் என்று யாராவது சொல்வார்கள். ஏறும்தான், ஆனால் 2, 3 மில்லிமீட்டர் அலகு தண்ணீரின் வேகத்தைத் தாங்காமல் வெட்டுமுனையில் விரிசல் விடும் வாய்ப்பு மிக அதிகம்.

நிறம் பார்த்துப் பழகாதவர் ஒரு காந்தத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் கட்டி அடுப்பருகே தொங்கவிடுங்கள். இரும்பு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத்துக்கு ஒட்டும் தன்மையை இழக்கிறது. அலகை அவ்வப்போது காந்தத்தில் தொட்டுப் பார்த்து, ஒட்டாத நிலை வந்ததும், அதற்குமேல் சிவப்பு ஒரு சாயல் கூடும்வரை காய்ச்சித் தோய்த்தால் 800 பாகையை ஒட்டிய சூட்டில் நிற்பீர்கள். உங்கள் அரத்துக்கு அது சரியான சூடு. கரி விழுக்காடு ஒன்றைத் தாண்டிய எஃகை ஆரஞ்சு நிறம் வரை காய்ச்சினால் உட்குருணை பருத்து, கத்தி பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். கூடுதலாகக் காய்ச்சினால் கூடுதல் கடினம் வரும் என்ற எண்ணம்தான் வீட்டில் செய்யும் கத்திகளைப் பெரும்பாலும் கெடுக்கிறது. அடுப்புக்குக் காற்று வேண்டுமானால், ஓர் இரும்புக் குழாயின் முனையில் ஹேர் டிரையரைப் பொருத்தி ஊதச் செய்யலாம்; கரியின் நடுவில் மட்டும் சூடு குவியாமல் இருக்க, அலகை மெல்ல முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே இருங்கள்.

ஓ.டி.ஜி. அடுப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நிறம் பார்ப்பதைவிட அது நம்பகமானது. தோய்த்த கத்தி கையால் தொடும் சூட்டுக்கு ஆறியதும், எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, 200 முதல் 220 பாகையில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆறவிட்டு மீண்டும் ஒருமுறை அதே சூட்டில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். உள்ளே வைக்கும் தனி வெப்பமானி மலிவாகவே கிடைக்கிறது. ஒரு தட்டில் ஆற்று மணலைப் பரப்பி அதில் கத்தியைப் புதைத்து வைத்தால், அடுப்பின் கம்பிச் சுருள் எரிந்து அணையும்போதெல்லாம் ஏறி இறங்கும் சூடு அலகைத் தாக்காது.

இவ்வளவையும் தவிர்க்கும் குறுக்குவழி ஒன்றும் இருக்கிறது. அரம் ஏற்கெனவே கடினமேற்றப்பட்டதுதானே. அதை இளக்கி மறுபடியும் கடினமாக்குவதற்குப் பதிலாக, மேலே சொன்ன அதே ஓ.டி.ஜி. பதனிடலை முதல் வேலையாகச் செய்துவிட்டு, பிறகு கிரைண்டரில் மட்டும் தேய்த்துக் கத்தியாக்கலாம். நெருப்பும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஆனால் அலகை வெறுங்கையால் பிடித்தபடி தேய்க்க வேண்டும், விரல் சூட்டை உணர்ந்ததும் தண்ணீரில் நனைக்க வேண்டும். ஹேக்சா பிளேடுக்கு உள்ள சலுகை இதற்குக் கிடையாது. முனையில் எங்கே நீலம் பாய்ந்ததோ அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள், அந்த ஆழம் வரை தேய்த்து நீக்கினால்தான் மறுபடி கூர் நிற்கும். சாதாரண பிட்டால் துளையும் போட முடியாது. ஆகவே ஆணி அடிக்கும் பிடியை விட்டுவிட்டு, காம்பை மரத்துக்குள் செருகும் பிடியாகத் திட்டமிடுங்கள். அரத்தின் வாலே ஆயத்தமான காம்பாக அமைந்துவிடும்.

அடுக்களைக்காரி

எஃகைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகும் கத்தியின் கனத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. தினமும் நான்கு பேருக்குச் சமைப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டில் செய்த கத்திகளில் நான் கண்ட பொதுவான குறை, முனை கூராக இருக்கும், ஆனால் அதற்கு ஓர் இழை மேலே அலகு தடித்திருக்கும். அப்படிப்பட்ட கத்தி கேரட்டை வெட்டாது, பிளக்கும். உருளைக்கிழங்கில் பாதி தூரம் போய் ஆப்பு இறங்கியதுபோல் நின்றுவிடும். சரிவை அலகின் பாதியில் தொடங்காமல் முதுகிலிருந்தே தொடங்கி, முனைக்குச் சற்று மேலே கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறையும்வரை தேய்த்து இறக்குங்கள். தோய்ச்சலுக்கு முன் ஒரு மில்லிமீட்டர் விடச் சொன்னார்கள் அல்லவா, அந்த மிச்சத்தைத் தோய்ச்சலுக்குப் பிறகு கட்டாயம் குறைக்க வேண்டும். சலித்துப்போய் அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இரு பக்கமும் சமமாக இறங்க, வெட்டுமுனையின் நடுவில் முதலிலேயே ஒரு கோடு கிழித்துக்கொள்வது நல்லது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அலகு 3 மில்லிமீட்டர் கனமென்றால் 3 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்றை மேசையில் படுக்க வைத்து, அலகையும் படுக்க வைத்து, பிட்டின் கூர்முனை முனைப்பகுதியில் உரசும்படி இழுத்தால் சரியாக நடுவில் கோடு விழும். முனையில் மார்க்கர் மை பூசிவிட்டு இழுத்தால் கோடு பளிச்சென்று தெரியும்.

அலகின் அடிப்பகுதி பிடிக்குக் கீழே ஓர் அங்குலமாவது இறங்கியிருக்கட்டும். இல்லையென்றால் நறுக்கும்போது விரல்முட்டி பலகையில் இடிக்கும். இதைக் கடைக்கத்திகளிலேயே பலர் கவனிப்பதில்லை. அரத்தின் அகலம் இதற்குக் குறைவாகத்தான் இருக்கும் என்பதால், பிடியை அலகின் முதுகை ஒட்டியபடி மேலே தள்ளிப் பொருத்தப் பாருங்கள்.

இந்த எஃகு துருப்பிடிக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள். மாங்காயோ எலுமிச்சையோ வெட்டிவிட்டு அப்படியே வைத்தால் அலகு கறுக்கும். முதல் சில நாள்களுக்கு வெங்காயத்திலும் கறுப்புச் சாயல் ஏறும். உடனே கழுவித் துடைத்து, சில நாள் வெளியூர் போவதானால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும். சிறிது காலத்தில் சாம்பல் பூத்த நிறம் ஒன்று நிலைத்துவிடும். அதைத் தேய்த்துப் போக்க வேண்டாம், அதற்குப் பிறகு காய்களில் சாயல் ஏறுவதும் குறைந்துவிடும்.

உலைக்கூடம்

எண்ணெயைப் பற்றி எஃகியல் சொன்னது சரி. பட்டறையில் செய்வதை மாடியில் செய்ய வேண்டாம். பிடி போடுவதைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

செருகும் பிடிக்கு வாகை, பூவரசு, தேக்கு எதுவானாலும் நன்கு உலர்ந்த கட்டையாக எடுங்கள். பச்சை மரம் உலரும்போது வெடிக்கும். காம்பின் நுனியைவிடச் சற்றுப் பெரிய துளையை நேராக இறக்கி, வாய்ப்பக்கம் காம்பின் வடிவத்துக்கு அகலப்படுத்துங்கள். மரத்தின் வாயில் ஒரு பித்தளைப் பூண் இறுக்கமாக உட்கார வேண்டும். பழைய பித்தளைக் குழாயில் முக்கால் அங்குலம் அறுத்தால் பூண் ஆயிற்று. அரக்கைப் பொடித்துத் துளையில் நிரப்பி, காம்பை மட்டும் சூடாக்கிச் செருகினால், அரக்கு உருகிப் பிடித்துக்கொள்ளும். காம்பைச் சூடாக்கும்போது அலகின் மேல் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் பாடுபட்டு ஏற்றிய கடினம் அடிப்பகுதியில் இறங்கிவிடும். அரக்குப் பிடியை வெந்நீரில் ஊறப்போடக் கூடாது. அதற்கு மனமில்லையென்றால் அரால்டைட் ஊற்றி ஒருநாள் முழுக்க அசைக்காமல் நிறுத்தி வைக்கலாம். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு அது இன்னும் பொருத்தம். பிறகு பிடியை வழுவழுப்பாக இழைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடைத்துக் காயவிடுங்கள்.

மாடிவீட்டுத்தச்சன்

கடைசியாக இரண்டு ஐயங்கள். கூர் தீட்டுவதற்கு எந்தக் கல், எந்தச் சாய்வு? வீட்டில் கத்தி செய்வதற்குச் சட்டத் தடை ஏதும் உண்டா என்று என் மனைவி கேட்கிறார்.

டூல்ரூம்பழையவர்

கல்லுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். 1000 நம்பர் கல் ஒன்று போதும். தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைச் சாய்வில் ஒரே பக்கமாகத் தீட்டிக்கொண்டிருங்கள். சிறிது நேரத்தில் மறுபக்கத்து முனையில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழும். குதிமுனை முதல் நுனி வரை பிசிறு தொடர்ச்சியாக எழுந்த பிறகுதான் பக்கத்தை மாற்ற வேண்டும். பாதியில் மாற்றினால் எவ்வளவு நேரம் தீட்டினாலும் கூர் வராது. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முனையைப் பின்னோக்கி இழுத்தபடி இருபுறமும் சில முறை வருடினால் பிசிறு உதிர்ந்துவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் துணைவியார் கவலைப்பட வேண்டியதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்த்தாலும், வீட்டு உபயோகம், வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன. உங்களுடையது ஆறு அங்குலக் காய்கறிக் கத்தி. அரத்தை ஒடித்துப் பார்த்ததும் ஒடிந்த முகத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள். எஃகியல் தம்பியோ நானோ பார்த்துச் சொல்கிறோம்.